தூர் போனால்தான் காடு வரும்

ஐப்பசி மழைக்கு நாள் நெருங்குகிறது. நாகலாபுரம், விளாத்திகுளம் கரிசல் பக்கமிருந்து வரும் கடிதங்கள் பெரும்பாலும் ஒன்றையே கேட்கின்றன: தரிசில் இயற்கைத் தங்குமிடம் கட்டி, சுற்றிலும் நம் காட்டை வளர்க்க எத்தனை கன்று நட வேண்டும்? கன்றுக் கணக்கு பிறகு. முதலில் அங்கே நிற்கும் அந்நிய மரமான வேலிக்கருவையை (சீமைக்கருவேலத்தை) பார்க்க வேண்டும்.

அதுவும் காடுதானே?

அரசுக் கணக்கில் ஆகலாம். ஒரு ஹெக்டேருக்குக் குறையாத நிலத்தில் 10 சதவீதம் மரக்கவிகை இருந்தால் இந்திய வன அளவை நிறுவனம் அதை வனப்பரப்பில் சேர்க்கும். என்ன மரம், யார் நிலம் என்று பார்ப்பதில்லை. தென்னந்தோப்பும் அதில் அடங்கும். தமிழகம் தன் இலக்கான 33 சதவீதப் பசுமையை எட்டியதாக நாளை அறிவிப்பு வந்தாலும், அதில் நம் மரம் எவ்வளவு என்று கேட்டே ஆக வேண்டும்.

வெட்டிவிட்டோம், போதாதா?

போதாது. குழப்பம் முழுவதும் இங்கேதான். வேலிக்கருவையின் உயிர் கிளையில் இல்லை. தரையை ஒட்டியும் சற்றுக் கீழேயும் உள்ள தூர் மொட்டுகளில் இருக்கிறது. மேலே வெட்டினால் அவை விழித்து, ஒரு தண்டு நின்ற இடத்தில் பல தண்டுகள் கிளம்பும். கரிமூட்டக்காரர்கள் ஒரே தூரைத் திரும்பத் திரும்ப வெட்டிப் பிழைப்பது இதனால்தான்.

வேலிக்கருவை பரவ இன்னொரு வழி ஆட்டின் வயிறு. இலையை ஒதுக்கும் ஆடு, இனிப்பான நெற்றை விரும்பித் தின்னும். கடினத் தோல் கொண்ட விதை செரிக்காமல், முளைக்கத் தோதாக இளகி, புழுக்கையோடு புது நிலத்தில் விழும். ஆகவே ஓரடி ஆழம் தோண்டித் தூரை எடுக்க வேண்டும்; நெற்று பழுக்கும் காலத்தில் மேய்ச்சலை நிறுத்த வேண்டும். 2022-இல் அந்நியத் தாவரங்களை அகற்ற மாநில அரசு கொள்கை வெளியிட்டது. ஏக்கர் கணக்கை மட்டும் காட்டாமல், அகற்றிய இடத்தில் மறுதுளிர் உண்டா என்பதையும் அரசு சொல்ல வேண்டும்.

முன்மாதிரி உண்டா?

1968-இல் புதுச்சேரி அருகே தொடங்கிய ஆரோவில். அரித்துப்போன செம்மண் மேட்டில் முதலில் வரப்பு கட்டி மழைநீரை நிறுத்தினார்கள். வேகமாக வளரும் மரங்களின் நிழலில் வீரை, காசா போன்ற நம் மரங்களை வளர்த்தார்கள். இன்று அந்த மரங்களுக்கிடையே விருந்தினர் இல்லங்கள் இருக்கின்றன.

அதே மரங்கள் இங்கே? வேண்டாம், கரிசலுக்குக் கருவேல், வெள்வேல், வேம்பு, இலந்தை, மஞ்சணத்தி.

நெருக்கி நடலாமா? கூடாது, நம் காடு என்பது அடர்ந்த மரம் மட்டுமல்ல; வல்லநாட்டு வெளிமானுக்கு வேண்டியது திறந்த புல்வெளி.

எப்போது நடுவது? நல்ல மழை பெய்து கரிசல் வெடிப்புகள் மூடிய பிறகு. அதற்குள் தூரைத் தோண்டி முடித்துவிடுங்கள்.