மருந்தே ஊசியாகும் விந்தை

சின்னமுத்துத் தடுப்பு மருந்து உலர்ந்த தூளாகச் சிறு குப்பியில் அடைபட்டு வருகின்றது. உற்பத்திச்சாலையை விட்டுப் புறப்பட்ட நாள் முதல் அதனைக் குளிரிலேயே வைத்துக் காத்தல் வேண்டும். ஏற்றும் வேளையில் அதற்கென அமைந்த நீரிற் கரைத்தல் வேண்டும். கரைத்த பின் ஆறு மணி நேரத்துள் பயன்படாதது கழிவே. வறிய நாடுகளுக்குப் பெரும்பாலும் பத்துக் குழந்தைகளுக்குரிய குப்பிகளே செல்கின்றன. ஆதலின், நெடுந்தூரம் நடந்து ஒரு தாய் தன் குழந்தையுடன் தனியே வந்து நிற்பாளாயின், குப்பியைத் திறப்பதா, மற்றொரு நாள் வரச் சொல்வதா என்று தாதி தயங்குகின்றாள். 2023ஆம் ஆண்டில் மாத்திரம் உலகில் ஓரிலட்சத்துக்கு மேற்பட்டோர், பெரும்பாலும் ஐந்து வயது நிரம்பாத பாலர், இந்நோயால் மாண்டனர் என்று உலக சுகாதார தாபனம் மதிப்பிட்டுள்ளது. இவ்விறப்புகள் அனைத்துக்கும் குப்பியே காரணம் என்று நாம் கூறவில்லை. ஆயினும் கரைக்கும் நீரும் குழாயூசியும் வேண்டாத மருந்தொன்றை விஞ்ஞானிகள் நாடியமை இயல்பே.

அந்நாட்டத்தின் பயனே நுண்ணூசி ஒட்டு. விரல் நுனியளவான பரப்பில் ஏறக்குறைய நூறு முட்கள். ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீற்றருக்குக் குறைந்த நீளம். மருந்து புகாதவாறு மதிலென நின்று காக்கும் நம் தோலின் மேற்படை, ஒரு மில்லிமீற்றரின் ஐம்பதில் ஒரு பங்களவே தடிப்புள்ளது. அதனைக் கடத்தற்கு நீண்ட ஊசி எதற்கு? முட்கள் மருந்து கலந்த பல்பகுதியத்தால் ஆனவை. தோலுட் புகுந்ததும் அங்குள்ள ஈரத்திற் சில நிமிடங்களிற் கரைந்துவிடுகின்றன. எறிவதற்குக் கூரிய ஊசி எதுவும் எஞ்சுவதில்லை.

இவ்வெண்ணம் புதியதன்று. 1976இலேயே அமெரிக்காவில் இதற்கு ஆக்கவுரிமை வழங்கப்பட்டது. செய்து காட்டுதற்குரிய நுட்பந்தான் அன்று இருக்கவில்லை. கணினிச் சில்லுகளைச் செதுக்கும் கலை வளர்ந்த பின், 1998இல், ஜோர்ஜியாத் தொழினுட்ப நிறுவனத்துப் பேராசிரியர் மார்க் பிரவுஸ்னிற்சும் அவர்தம் குழுவினரும் சிலிக்கனில் 150 மைக்கிரோன் உயரமான முட்களைச் செய்து, அவை தோலை ஊடுருவ வழிதிறத்தலைக் காட்டினர். சிலிக்கனோ உடையுந் தன்மையது. ஆகவே ஆய்வாளர் பல்பகுதியங்களை நாடலாயினர். 2010இல் அவர்கள் எலிகளுக்கு இட்ட ஒட்டில், பொலிவைனைல் பிரோலிடோன் என்னும் பொருள் பயன்பட்டது. முன்னாளிற் குருதிநீருக்குப் பதிலாக நோயாளர்க்கு ஏற்றப்பட்ட பொருளே அது!

இனி, மாணாக்கர்க்காகச் செய்முறையைச் சற்று விரித்துரைப்பாம். முதலில் ஒளிக்கதிராற் செதுக்கி மூல உருவொன்று ஆக்கப்படுகின்றது. அதன் மீது சிலிக்கோன் றப்பரை வார்த்து, இறுகிய பின் உரித்தெடுத்தால், முட்களின் வடிவான குழிகள் கொண்ட அச்சுக் கிடைக்கும். ஒரு மூலத்திலிருந்து பல அச்சுகளை எடுக்கலாம். மருந்தும் பல்பகுதியமும் சீனி வகையொன்றுங் கலந்த கரைசலை அச்சில் ஊற்றுவர். ஊற்றினாற் போதுமா? குழியின் அடி தலைமயிரினும் நுண்ணியது. அங்கே சிக்கிய காற்று கரைசலை உள்ளே விடாது. வெற்றிடத்தில் வைத்தோ மையநீக்கியிற் சுழற்றியோ அக்காற்றை ஓட்டுவர். மேலே எஞ்சியதை வழித்தெடுத்து உலரவிட்டு, மருந்தில்லாக் கரைசலை இரண்டாம் முறை ஊற்றி அடித்தளம் அமைப்பர். அடித்தளம் தோலுக்கு வெளியே நிற்பதாகலின் அதிலுள்ள மருந்து வீணாகும் அன்றோ?

உலர்த்துவதே அரிய வேலை. பணியாரத்துக்குப் பாகு காய்ச்சும் நம் இல்லத்தரசியர் இதனை எளிதில் உணர்வர். பதம் மிஞ்சினால் முள் நொறுங்கும், குறைந்தால் வளையும். சின்னமுத்துத் தடுப்பு மருந்திலோ வலுக்குறைக்கப்பட்ட உயிர் வைரசு உளது. நீர் அகலும்போது அது மடியக்கூடும். நீர் நின்ற இடத்திற் சீனி நின்று அதனைத் தாங்குகின்றது. முடிந்த ஒட்டைச் சூடாக்கிக் கிருமி நீக்கவும் இயலாது, மருந்தும் உடன் அழியுமாதலின். எனவே தொடக்கம் முதல் இறுதிவரை கிருமியற்ற அறையிலேயே யாவும் நிகழ்தல் வேண்டும்.

பயன் என்ன? 2017இல் வெளியான அற்லாந்தா நகரப் பரிசோதனையில் 100 வளர்ந்தோர் பங்குகொண்டனர். சிலர் சளிச்சுரத் தடுப்பு ஒட்டைத் தாமே தம் கையில் இட்டுக்கொண்டனர். 2024இல், மேற்காபிரிக்கக் கம்பியா நாட்டில், சின்னமுத்துக்கும் ருபெல்லாவுக்குமான ஒட்டு 45 வளர்ந்தோரிலும் 120 நடைபயில் பாலரிலும் 120 கைக்குழந்தைகளிலும் பரிசோதிக்கப்பட்ட செய்தி வெளியாயிற்று. ஒட்டுப் பெற்ற கைக்குழந்தைகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்டோர்க்குச் சின்னமுத்தை எதிர்க்கும் ஆற்றல் உண்டாயிற்று. ஊசியேற்றப்பட்டோரினும் அவர்கள் குறைந்தாரல்லர்.

பின் ஏன் தாமதம் எனில், ஆய்வுகூடத்திற் சில நூறு ஒட்டுகளைச் செய்தல் வேறு. கோடிக்கணக்கில் ஒரே தரத்திற் செய்தல் வேறு. குப்பிகளை நிரப்பும் இயந்திரங்கள் பல்லாண்டுகளாக ஓடுகின்றன. ஒட்டுக்கோ இயந்திரத்தையே புதிதாக அமைத்தல் வேண்டும். வாங்குவார் உறுதியன்றிப் பெருந்தொழிற்சாலைக்குப் பணமிட முதலாளிகள் தயங்குவர். வாங்குவோரோ பல்லாயிரம் குழந்தைகளிற் பரிசோதித்த பின்னரே உறுதி கூறுவர். அப்பரிசோதனைக்கு வேண்டிய ஒட்டுகளை அத்தகைய தொழிற்சாலையிலன்றி வேறெங்குச் செய்வது?