காத்திருந்து வாங்கிய கார்

மைசூரில் மோட்டார் சைக்கிள் செய்தார்கள். கார் செய்யவில்லை.

இந்த ஊரில் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் பலவற்றின் வாகனக் கதை இந்த இரண்டு வரிகளில்தான் தொடங்குகிறது. மோட்டார் சைக்கிள் உள்ளூர்ச் சரக்கு. காரோ பம்பாயிலிருந்து வரவேண்டும்; இல்லையென்றால் கல்கத்தா பக்கத்திலிருந்து வரவேண்டும்; அதுவும் இல்லையென்றால் சென்னையிலிருந்து வரவேண்டும். அது வந்து சேருவதற்குள், புக்கிங் செய்தவரின் மூத்த மகள் பள்ளிக்கூடத்தை முடித்துக் கல்லூரிக்குப் போயிருப்பாள்!

கடைக்குப் போய், கடன் மனுவில் கையெழுத்துப் போட்டு, சில நாட்களில் காரோடு வீடு திரும்பும் இன்றைய இளைஞர்களுக்கு இது விளங்காது. "ஒரு காருக்காகவா இத்தனை வருஷம் காத்துக் கிடந்தீங்க, தாத்தா?" என்று கேட்கிறார்கள். கேட்பதில் தவறில்லை. தாத்தா சொல்லும் பதிலில்தான் ஒரு காலமே அடங்கியிருக்கிறது.

டாங்கின்மேல் ஒரு பிள்ளை

முதலில் வந்தது ஜாவா.

செக்கோஸ்லோவாகியா நாட்டு ஜாவா கம்பெனியின் உரிமம் பெற்று, இரானி குடும்பத்தார் மைசூரில் நிறுவிய 'ஐடியல் ஜாவா' தொழிற்சாலை 1961-ல் வண்டி செய்யத் தொடங்கியது. இடம், யாதவகிரி. தொழிற்சாலையைத் திறந்து வைத்தவர் ஜெயசாமராஜ உடையார். இருநூற்றைம்பது சி.சி. என்ஜின்; இரண்டு பக்கமும் இரண்டு சைலன்சர். உதைத்து ஸ்டார்ட் செய்த அதே கம்பியை மடித்துவிட்டால் அதுவே கியர் கம்பி ஆகிவிடும். 1973 முதல் அதே வண்டி 'யெஸ்டி' என்ற பெயரில் வந்தது.

இந்த வண்டியை உபயோகித்தவர்கள் வெறும் வாடிக்கைக்காரர்கள் அல்ல. "நம்ம ஊர் வண்டி" என்று உறவு கொண்டாடியவர்கள். அதன் சத்தத்தை வைத்தே, வருவது யார் வண்டி என்று வாசலில் கோலம் போடும் அம்மாக்கள் சொல்லிவிடுவார்கள்.

கல்யாணமான புதிதில் ஜாவா போதுமானதாக இருந்தது. முதல் குழந்தை பிறந்தபோதும் சமாளிக்க முடிந்தது. இரண்டாவதும் வந்தபின், பெரியவனை பெட்ரோல் டாங்கின்மேல் உட்கார வைத்து, மனைவி மடியில் சின்னவளை வைத்துக்கொண்டு, சாமுண்டி மலைக்கும் பிருந்தாவனத்துக்கும் போய்வந்தார்கள். ஒருநாள் நடுவழியில் மழை கொட்டும். நால்வரும் நனைந்து வீடு திரும்புவார்கள். அன்று இரவு சின்னவளுக்குக் காய்ச்சல். மறுநாள் காலை காபி குடிக்கும்போது வீட்டில் கார் பேச்சு எழும்.

மூன்றே கம்பெனி

பேச்சு எழுந்ததும் கார் வந்துவிடாது. அன்று நாட்டில் சாதாரணக் குடும்பத்தார் வாங்கும் கார்களைச் செய்தவை மூன்றே கம்பெனிகள். பம்பாயில் பிரிமியர் ஆட்டோமொபைல்ஸ் செய்த ஃபியட். கல்கத்தாவை அடுத்த உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் செய்த அம்பாசிடர். சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி செய்த ஸ்டாண்டர்டு டென், ஹெரால்டு கார்கள்.

யார் எத்தனை கார் செய்யலாம் என்பதற்கு அரசு லைசென்ஸ் வேண்டும். கூடுதலாகச் செய்ய ஒரு கம்பெனி விரும்பினாலும் முடியாது. 1970-களில் நாடு முழுவதற்கும் சேர்த்து ஆண்டுக்கு ஐம்பதாயிரம் கார்கள்கூட உற்பத்தியாகவில்லை. இது பல கோடி மக்கள் வாழ்ந்த நாடு!

விலைக்கும் கட்டுப்பாடு இருந்தது. எது நியாய விலை என்ற வழக்கு, 1970-களின் தொடக்கத்தில் சுப்ரீம் கோர்ட்டு வரை போயிற்று. கார் வினியோகத்துக்கென்றே 1959-ல் ஒரு கட்டுப்பாட்டு உத்தரவு போடப்பட்டிருந்தது. புக்கிங் செய்பவர் தபால் ஆபீஸ் சேமிப்புக் கணக்கில் முன்பணம் கட்டவேண்டும். வரிசையில் நிற்கவேண்டும். வாங்கிய காரைக் குறிப்பிட்ட காலத்துக்குள் கைமாற்றவும் கூடாது. இல்லாவிட்டால், டெலிவரி எடுத்த அன்றே கூடுதல் விலைக்கு விற்றுவிடுவார்களே!

அதுதான் நடந்தது என்பது எல்லோருக்கும் தெரிந்த ரகசியம். கட்டுப்பாட்டு விலைக்குக் கிடைக்கும் புதிய ஃபியட்டைவிட, சிலகாலம் ஓடிய ஃபியட்டுக்கு வெளியில் அதிக விலை இருந்தது. பழசு புதுசைவிட உயர்ந்து நின்ற விந்தை அது.

மெக்கானிக் சொன்னால் சரி

ஆகவே மைசூர்க் குடும்பங்களுக்கு 'முதல் கார்' என்றால் பெரும்பாலும் செகண்ட் ஹாண்ட் கார்தான். மூன்றாவது கை, நான்காவது கையாகவும் இருக்கும்.

பார்க்கப் போகும்போது மெக்கானிக் ஒருவரைக் கட்டாயம் அழைத்துப் போவார்கள். ஜாதகம் பார்க்க ஜோசியரைக் கூட்டிப் போவதுபோலத்தான். அவர் ஒன்றும் பேசமாட்டார். கதவை விரலால் தட்டிப் பார்ப்பார். பட்டி வைத்துப் பூசியிருந்தால் சத்தம் காட்டிக் கொடுத்துவிடும். காலடி விரிப்பைத் தூக்கித் துரு பார்ப்பார். என்ஜினை ஓடவிட்டுப் பின்பக்கம் போய், புகையின் நிறத்தைப் பார்ப்பார். கடைசியில் ஒரு பீடியைப் பற்ற வைத்துக்கொண்டு, "எடுக்கலாம் சார்" என்பார். அந்த ஒரு சொல்லுக்காக, வீட்டுப் பெண்களின் வளையல்கள் அடகுக்கடைக்குப் போயின. பி.எப். கடன், கூட்டுறவுச் சங்கக் கடன், சீட்டுப் பணம், மைத்துனர் கொடுத்த கைமாற்று என்று எல்லாமும் சேர்ந்துதான் ஒரு கார் ஆயிற்று.

ஒவ்வொரு காருக்கும் ஒரு குணம். பழைய ஃபியட்டின் முன்கதவுகள் வழக்கத்துக்கு மாறாக முன்புறமாகத் திறக்கும். கியர் கம்பி ஸ்டீயரிங்கோடு இருக்கும். அம்பாசிடரில் எத்தனை பேர் ஏறலாம் என்பதற்குக் கணக்கே கிடையாது. பாட்டியையும் மூட்டையையும் ஏற்றிய பிறகும் இடம் இருக்கும். ஹெரால்டின் பானெட்டைத் திறந்தால் மட்கார்டும் சேர்ந்து முன்பக்கமாகச் சாயும். முதலை வாயைத் திறந்ததுபோல் இருக்கும். மெக்கானிக், சக்கரத்தின்மேல் உட்கார்ந்தபடியே வேலை செய்யலாம்.

ஹெரால்டைக் குறை சொன்னவர்கள் அதிகம். மழைத் தண்ணீர் உள்ளே வரும் என்பார்கள். மெலிந்த உடம்பு என்பார்கள். குறை இருந்தது உண்மையே. ஆனால் தமிழர்கள் பலர் அதை விரும்பி வாங்கியதற்குக் கணக்குப் பார்த்த காரணம் ஒன்று உண்டு. சென்னையில் செய்யப்பட்ட கார் அது. உதிரி பாகம் வேண்டுமென்றால் சென்னையிலுள்ள சொந்தக்காரருக்கு ஒரு கார்டு எழுதிப் போட்டால் போதும். அடுத்த முறை மைசூர் வருகிறவர் அப்பளக் கட்டோடு அதையும் கொண்டு வந்துவிடுவார்.

கோட்டை ஆஞ்சநேயர் முன்னால்

கார் வீட்டுக்கு வந்த நாளை யாரும் மறக்கவில்லை. அரண்மனை வடக்கு வாசலில் கோட்டை ஆஞ்சநேயர் கோவில் முன் நிறுத்திப் பூஜை. நான்கு சக்கரத்துக்கும் கீழே எலுமிச்சம்பழம். பிறகு சாமுண்டி மலை. ஏறத்தாழ 3,500 அடி உயர மலையின் வளைவுகளில் வண்டி திணறாமல் ஏறினால், மெக்கானிக் சொன்னது சரி. திணறினால் அம்மனிடமே முறையிட்டுவிட்டுத் திரும்பவேண்டியதுதான்.

இதில் வேடிக்கை என்னவென்றால், காரை வாங்கியவருக்குப் பெரும்பாலும் கார் ஓட்டத் தெரியாது! ஜாவா ஓட்டிய கைக்கு ஸ்டீயரிங் புதுசு. டாக்சி டிரைவர் யாராவது பழக்கமிருந்தால் அவர்தான் குரு. விடியற்காலையில், ஆள் நடமாட்டம் இல்லாத மைதானத்தில் பாடம் நடக்கும். பின்சீட்டில் மகன் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பான். அப்பாவுக்கு முன் அவன் கற்றுக்கொண்டுவிடுவான். அப்பா அதைக் கவனிக்காததுபோல் இருப்பார்.

காரின் நம்பரைக் குழந்தைகள் மந்திரம்போல் மனப்பாடம் செய்தார்கள். மைசூர் மாநிலத்து எம்.ஒய். எழுத்தில் தொடங்கிய நம்பர்கள் அவை. கே.ஏ.09 என்ற இப்போதைய முறை 1989-ல்தான் வந்தது. தங்கள் செல்போன் நம்பரையே யோசித்துச் சொல்கிற அந்தக் குழந்தைகள், இன்று பேரன் பேத்தி எடுத்த பிறகும், முதல் காரின் நம்பரைக் கேட்டால் தடங்காமல் சொல்கிறார்கள்.

தெருவின் கார்

வாங்கியவர் ஒருவர். உபயோகித்தது தெரு முழுவதும்.

கார் இல்லாதவர்களுக்கு வாடகைக் கார் உண்டு. யாதவகிரியில் வீடு கட்டி வாழ்ந்த ஆர்.கே.நாராயண், 1958-ல் வெளியிட்ட 'தி கைடு' நாவலில் கஃபூர் என்ற டாக்சி டிரைவரையே ஒரு பாத்திரமாகப் படைத்திருக்கிறார். ஆனால் நள்ளிரவில் கஃபூரை எங்கே தேடுவது?

இரவு இரண்டு மணிக்குக் கதவு தட்டப்படும். "ஸார், ஸ்வல்ப கார் தெகீத்தீரா?" பக்கத்து வீட்டுக் கன்னடக்காரர் நிற்பார். அவர் மருமகளுக்கு வலி எடுத்திருக்கும். சட்டையை மாட்டிக்கொண்டு ஷெட்டுக்கு ஓடினால், செல்ஃப் எடுக்காது. குளிரில் பாட்டரி இறங்கியிருக்கும். ஹாண்டிலைச் செருகிச் சுற்றுவார்கள். நான்கு பேர் சேர்ந்து தள்ளுவார்கள். ஒருவழியாக உயிர் பெற்று, செலுவாம்பா ஆஸ்பத்திரி வாசலில் போய் நிற்கும். விடிந்ததும் அந்த வீட்டிலிருந்து சர்க்கரை வரும். பெட்ரோல் காசு வராது. கேட்கவும் மாட்டார்கள்.

இப்படிப் பிரசவத்துக்கும், மாரடைப்புக்கும், மாப்பிள்ளை அழைப்புக்கும் ஓடிய கார்கள் அவை. தமிழ் வீடு, கன்னட வீடு என்ற கணக்கு அந்தப் பின்சீட்டில் இருந்ததில்லை. காவிரிப் பிரச்சினையால் ஊரில் பதற்றமான நாட்கள் வந்தபோது, "உங்க வண்டியை எங்க ஷெட்டில் விடுங்க" என்று சொன்ன அண்டை வீட்டாரைத் தமிழ்க் குடும்பங்கள் இன்றும் நினைவில் வைத்திருக்கின்றன.

எல்லோருக்கும் இது இனிப்பாக இருந்தது என்று சொல்லிவிட முடியாது. மாதக் கடைசியில் மனைவி கேட்டது நியாயமான கேள்வி: "ஊருக்கெல்லாம் வண்டி ஓட்டறீங்க. என் வளையல் எப்போ திரும்பி வரும்?"

திம்பத்தில் கொதித்த ரேடியேட்டர்

சொந்த ஊர்ப் பயணம்தான் காரின் உண்மையான பரீட்சை. கோவை, ஈரோடு பக்கத்துக்காரர்களுக்கு வழக்கமான வழி இது: நஞ்சன்கூடு, சாமராஜநகர், ஆசனூர், அதன்பின் திம்பம். மொத்தம் 27 கொண்டை ஊசி வளைவுகள். போகும்போது இறக்கம், பிரேக் சூடாகி நாற்றம் வரும். பண்ணாரி அம்மன் கோவிலில் நிறுத்தித் தேங்காய் உடைத்த பிறகுதான் எல்லோரும் பேசத் தொடங்குவார்கள்.

திரும்பும்போது ஏற்றம். அதுதான் கஷ்டம். டிக்கியில் ஊர் அரிசி, தேங்காய் மூட்டை. உள்ளே ஏழு பேர். பாதி மலையில் ரேடியேட்டர் கொதித்துவிடும். பின்சக்கரத்துக்கு அண்டக்கல் எடுத்து வைப்பது பெரியவன் வேலை. தண்ணீர்க் கேன் சின்னவள் பொறுப்பு. ஆறும்வரை கட்டுச்சோறு. அதற்குள் யானை வந்துவிடக்கூடாதே என்ற பயம் ஒருபக்கம். இப்போது அந்த மலைப்பாதையில் இரவுப் போக்குவரத்துக்குக் கட்டுப்பாடு இருக்கிறது. அன்று அதெல்லாம் கிடையாது. யானைக்கு வழி விடுவதும் விடாததும் டிரைவர் பாடு.

1973-ல் மேற்காசியாவில் போர் மூண்டு, பெட்ரோல் விலை திடீரென்று ஏறியபோது பல கார்கள் ஷெட்டிலேயே படுத்துவிட்டன. தார்ப்பாய் போர்த்திய அந்தக் கார்களை ஆண்டுக்கு ஒருமுறை ஆயுத பூஜைக்குக் கட்டாயம் வெளியே எடுத்தார்கள். தசரா ஊர் அல்லவா! அரண்மனையில் பட்டத்து வாளுக்கும் யானைக்கும் அரச குடும்பத்துக் கார்களுக்கும் பூஜை நடக்கிறபோது, தெருவில் ஓடாத ஃபியட்டுக்கும் வாழைக்கன்று கட்டி, பூசணிக்காய் உடைத்தார்கள்.

மாருதி வந்தது

1983-ல் மாருதி புக்கிங் தொடங்கியது. பத்தாயிரம் ரூபாய் முன்பணம் கட்டி லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் பதிவு செய்தார்கள். அந்த ஆண்டு டிசம்பர் 14-ந் தேதி, முதல் காரின் சாவியை டெல்லியில் ஹர்பால் சிங் என்பவரிடம் பிரதமர் இந்திரா காந்தி கொடுத்தார். ஒரு தட்டில் ஸ்டார்ட் ஆகும் சின்னக் கார். தள்ள ஆள் வேண்டாம்.

1993-ல் கார் உற்பத்திக்கு லைசென்ஸ் முறையே நீங்கிற்று. சென்னை ஸ்டாண்டர்டு கம்பெனி அதற்கு முன்பே 1980-களின் இறுதியில் மூடப்பட்டிருந்தது. 1996-ல் யாதவகிரித் தொழிற்சாலையும் நின்றது. ஊருக்கே வண்டி செய்து கொடுத்த தொழிலாளர் குடும்பங்கள் வேறு பிழைப்புத் தேடின. அவர்களில் தமிழர்களும் இருந்தனர். உத்தர்பாராவில் அம்பாசிடர் 2014 வரை தாக்குப் பிடித்தது.

ஆண்டுதோறும் ஜூலை இரண்டாவது ஞாயிறன்று ஜாவா, யெஸ்டி பிரியர்கள் அந்த வண்டிகளைத் துடைத்து எடுத்து ஓட்டுகிறார்கள். மோட்டார் சைக்கிளை மூலையில் நிறுத்தி வைத்திருக்க இடம் போதும். கார் அப்படியல்ல. மாருதிக்கு இடம் வேண்டுமென்றால் ஃபியட் போகவேண்டும்.

விற்ற நாளைப் பற்றிப் பெரியவர்கள் அதிகம் பேசுவதில்லை. ஆர்.சி. புத்தகத்தைக் கொடுத்தாயிற்று, பணத்தை எண்ணி வாங்கியாயிற்று. டாஷ்போர்டில் ஒட்டியிருந்த சின்னப் பிள்ளையாரை மட்டும் பெயர்த்து எடுத்துக்கொண்டார்கள். புதிய சொந்தக்காரர் வண்டியைக் கிளப்பினார். கிழவர் வாசலில் நின்று, தெருமுனை திரும்பும்வரை சத்தத்தைக் கேட்டார். உள்ளே திரும்பி மனைவியிடம் சொன்னது இவ்வளவுதான்: "செகண்ட் கியரை அவசரப்பட்டுப் போடறான். கொஞ்சம் பொறுத்துப் போடணும்னு சொல்ல மறந்துட்டேன்."