எக்ஸ்ரேக்குத் தப்பும் எலும்பு நோய்

1895-ம் ஆண்டில் ஜெர்மானிய விஞ்ஞானி ராண்ட்ஜன் தம் மனைவியின் கை எலும்புகளைப் படம் பிடித்துக் காட்டிய நாள் முதலாக, எலும்பு என்றால் எக்ஸ்ரே என்று உலகம் நம்பி வந்திருக்கிறது. முறிந்த கையைக் காட்டுவதில் அதற்கு நிகர் இல்லைதான். ஆனால், ஒரு கிலோ எடைகூட இல்லாமல் பிறந்துவிட்ட குறைமாதக் குழந்தையின் எலும்பு மெலிந்து வருவதை அது எப்போது காட்டுகிறது, தெரியுமா? எலும்பிலுள்ள தாதுப் பொருள்களில் ஐந்தில் ஒரு பங்கு, சில சமயம் இரண்டு பங்கு குறைந்துபோன பிறகுதான்!

தாயின் உடலிலிருந்து சிசுவுக்குச் சேரவேண்டிய சுண்ணாம்புச் சத்திலும் பாஸ்பரஸிலும் ஐந்தில் நான்கு பங்கு, கடைசி மூன்று மாதங்களில்தான் போய்ச் சேருகிறது. கருப்பையின் சுவரை உதைத்து உதைத்து எலும்பு உரமேறுவதும் அப்போதுதான். 28 வாரங்களுக்கு முன்பே பிறந்துவிடும் குழந்தைக்கு இந்த இரண்டும் கிட்டுவதில்லை. தாய்ப்பாலுக்கு மிஞ்சிய உணவு கிடையாது. எனினும் இத்தனை சிறிய உயிருக்கு வேண்டிய பாஸ்பரஸ் அதில் மட்டும் கிடைத்துவிடாது. போதாக்குறைக்கு, நுரையீரல் கோளாறுக்காகக் கொடுக்கும் சில மருந்துகள் சுண்ணாம்புச் சத்தைச் சிறுநீரோடு வெளியேற்றிவிடுகின்றன.

விளைவு? துணி மாற்றும்போது காலைச் சற்று அழுத்திப் பிடித்தால்கூட எலும்பு முறியலாம். குழந்தை அழுகிறது, எதற்காக அழுகிறது என்று யார் கண்டார்? நுரையீரலைப் பார்ப்பதற்காக எடுத்த படத்தில், விலா எலும்பு என்றோ முறிந்து தானாகவே கூடிவருவது தற்செயலாகத் தென்படுவதும் உண்டு.

ஆகவே, டாக்டர்கள் ஒலியை நாடியிருக்கிறார்கள். காதுக்கு எட்டாத ஒலியைக் குழந்தையின் முன்னங்கால் எலும்பின் வழியாக அனுப்பி, அதன் வேகத்தை அளக்கிறார்கள். நிறைமாதக் குழந்தையின் எலும்பில் அது விநாடிக்குச் சுமார் 3,000 மீட்டர். மெலிந்த எலும்பில் குறைகிறது. எக்ஸ்ரே கதிரின் தொல்லை இல்லை. குழந்தையைப் படுக்கையை விட்டு நகர்த்தவும் வேண்டாம். பெரியவர்களுக்கு எடுக்கும் 'டெக்ஸா' படத்துக்கோ குழந்தை அசையாமல் படுத்திருக்க வேண்டும். அதை அதனிடம் யார் சொல்வது?

ஒலியை மட்டும் நம்பித் தீர்ப்புக் கூறிவிடுவதில்லை. இந்தக் கருவி எல்லா ஆஸ்பத்திரிகளிலும் இருப்பதும் இல்லை. ரத்தத்தில் பாஸ்பரஸ் குறைந்திருக்கிறதா, 'ஆல்கலைன் பாஸ்படேஸ்' என்னும் பொருள் ஏறியிருக்கிறதா என்றும் வாரக் கணக்கில் கவனித்து வருகிறார்கள். காலத்தில் கண்டுகொண்டால் பரிகாரம் எளிது: தாய்ப்பாலிலேயே தாது உப்புகளைச் சேர்த்துக் கொடுக்கிறார்கள். துணி மாற்றும் நர்ஸும், கணுக்காலைப் பற்றித் தூக்காமல், இடுப்புக்கு அடியில் கை கொடுத்துத் தூக்குகிறாள்.