பின் டயர் எங்கே உரசுகிறது?

விடியற்காலையில் ஹாரனை அமுக்கிக்கொண்டே சிரம்பானை ஒட்டிய அம்பாங்கான் தெருக்களில் நுழையும் ரொட்டிக்காரரின் மோட்டார், மத்தியானத்தில் பழைய இரும்பும் செத்த பேட்டரியும் வாங்க வரும் மோட்டார், தோட்டப்புறத்தில் செம்பனைக் குலைகளைக் காட்டுக்குள்ளிருந்து மண்சாலைக்கு இழுத்து வரும் மோட்டார். இந்த மூன்றும் பெரும்பாலும் ஒரே சாதி. ஹோண்டா இஎக்ஸ்5 அல்லது மொடெனாஸ் கிரிஸ் மாதிரி ஒரு சின்ன வண்டி. அதன் இடப்பக்கத்தில் வெல்டிங் கடைக்காரர் இரும்புச் சட்டம் ஒன்றையும் மூன்றாவது சக்கரம் ஒன்றையும் பூட்டியிருப்பார். சட்டத்தின் மேல் பெட்டியோ கூடையோ வெறும் பலகையோ, அது தொழிலைப் பொறுத்தது.

இந்த வண்டி வைத்திருப்பவர்கள் பட்டறைக்கு வந்து சொல்லும் புகார்களில் முக்கியமானது, 'பின் டயர் உரசுது' என்பது. உடனே பட்டறைக்காரர்கள் சுத்தியல் எடுத்து மட்கார்டைத் தட்டுவார்கள். அதற்கும் அடங்காவிட்டால் கிரைண்டர் வைத்து அறுத்துவிடுவார்கள். சத்தம் நின்றுவிடும், கோளாறு அப்படியேதான் இருக்கும். உரசுகிற இடத்தில் நோய் இருப்பது அபூர்வம். எங்கேயோ ஒரு பாகம் தேய்ந்து நகர்ந்திருக்கிறது, டயர் அதைக் காட்டிக்கொடுக்கிறது, அவ்வளவுதான்.

ஏன் இந்த வண்டிகளுக்கு மட்டும் இந்தத் தொல்லை அதிகம்? இவற்றின் பாட்டன், 1958-இல் ஜப்பானில் வெளிவந்த ஹோண்டா சூப்பர் கப். சாப்பாட்டுக் கடைப் பையன் ஒரு கையில் தட்டை ஏந்திக்கொண்டு மறுகையால் ஓட்ட வேண்டும் என்ற எண்ணத்தில் கிளட்ச் பிடி இல்லாமல் செய்யப்பட்ட வண்டி. 2017-க்குள் அந்தக் குடும்பத்தில் 10 கோடி வண்டிகள் தயாராகிவிட்டன. ஆனால் அது இரண்டு சக்கரத்துக்கென்றே செய்யப்பட்டது. இரண்டு சக்கர வண்டி வளைவில் சாயும். அப்படிச் சாயும்போது வண்டியின் எடையும் வெளியே தள்ளும் விசையும் ஒன்று சேர்ந்து சக்கரத்தின் நடுக்கோட்டிலேயே இறங்குகின்றன. ஸ்போக் கம்பி போட்ட சக்கரம் அந்த வகைச் சுமையை அலட்டிக்கொள்ளாமல் தாங்கும். பக்கவாட்டில் தள்ளினால்தான் அது தடுமாறும்.

மூன்றாவது சக்கரம் பூட்டிய கணத்தில் வண்டியால் சாய முடியாமல் போகிறது. சிரம்பானிலிருந்து அம்பாங்கான், பாரோய் வழியாகக் கோலப்பிலா போகும் பழைய சாலையில் புக்கிட் புத்துஸ் மலை வளைவுகளை எண்ணிப் பாருங்கள். அங்கே ஒவ்வொரு திருப்பத்திலும் வண்டியை வெளியே தள்ளும் விசை முழுவதும் பக்கவாட்டில் வந்து டயரிலும் ரிம்மிலும் கம்பிகளிலும், பின் சக்கரத்தைத் தாங்கும் சுவிங் ஆர்மின் புஷ்ஷிலும் விழுகிறது. போதாக்குறைக்கு ஒரே இடுப்பில் குடம் சுமப்பதுபோல் சரக்கு முழுவதும் ஒரு பக்கம். இதற்காக அந்தப் பாகங்களை யாரும் செய்யவில்லை. ஆகவே அவை சீக்கிரம் தளர்கின்றன, டயர் ஒரு பக்கம் ஒதுங்குகிறது.

எப்போது உரசுகிறது என்ற கேள்விக்குப் பதில் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. வெறும் வண்டியாக நேர்ச்சாலையில் போகும்போதே உரசினால் சக்கரம் நேராக உட்காரவில்லை. சரக்கு ஏற்றிய பிறகு, அல்லது குழியில் விழும்போது மட்டும் என்றால் அப்சோர்பர் களைத்துவிட்டது, இல்லையேல் சுமை அதிகம். திருப்பத்தில் மட்டும் உரசினால் புஷ், பியரிங், கம்பி ஆகியவற்றில் ஏதோ ஒன்று ஆடுகிறது.

அடுத்து டயரைப் பாருங்கள். நடுப்பட்டையில் ஒரே கோடாகக் கீறல் ஓடியிருந்தால் மட்கார்டின் உள்பக்கத்தைக் கையால் தடவுங்கள். கேரியரோ நம்பர் பிளேட்டோ மாட்டியபோது யாரோ நீளமான போல்ட்டைத் தலைகீழாகப் போட்டிருப்பார்கள். அதன் வால் உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும். சுமை ஏறி வண்டி தாழும்போதெல்லாம் அது டயரை உழும். போல்ட்டைத் திருப்பிப் போட ஐந்து நிமிடம் ஆகாது.

பக்கச்சுவரில் சுற்றிலும் ஒரே சீராகப் பளபளப்பு இருந்தால் சக்கரம் ஒரு பக்கம் ஒதுங்கியிருக்கிறது. செயினை இறுக்கும்போது இரண்டு பக்க அட்ஜஸ்டரையும் சமமாகத் திருகாமல் விட்டால் இது நேரும். அட்ஜஸ்டரிலுள்ள கோடுகளை மட்டும் நம்பக் கூடாது. சுவிங் ஆர்ம் போல்ட்டின் நடுவிலிருந்து பின் அச்சின் நடுவரை ஒரு குச்சியை வைத்து அளந்து, அதே குச்சியை மறுபக்கத்திலும் வைத்துப் பாருங்கள். டயர் மாற்றிய மறுநாளே உரசல் தொடங்கியதென்றால், அச்சில் கோர்க்கும் ஸ்பேசர் விட்டுப்போயிருக்கலாம், இடம் மாறியும் போயிருக்கலாம்.

பளபளப்பு ஓரிடத்தில் மட்டும் இருந்து, ஓட்டும்போது 'சர்... சர்...' என்று விட்டு விட்டுச் சத்தம் வந்தால் ரிம் கோணல். மெயின் ஸ்டாண்ட் போட்டு, சுவிங் ஆர்மில் கையை ஊன்றி, ஒரு சாக்குக் கட்டியை ரிம்முக்குப் பக்கத்தில் அசையாமல் பிடித்துக்கொண்டு சக்கரத்தைச் சுற்றுங்கள். கோணிய இடத்தில் மட்டும் வெள்ளைக் கோடு விழும். பிறகு சின்ன ஸ்பேனரால் ஒவ்வொரு கம்பியாகத் தட்டிக்கொண்டே வாருங்கள். இறுக்கமான கம்பி கணீரென்று ஒலிக்கும், தளர்ந்தது மந்தமாகச் சத்தம் கொடுக்கும். ரிம் சரியாக இருந்தும் டயர் நெளிந்தால் டயர் முழுக்க உட்காரவில்லை. பக்கச்சுவரில் ரிம்மை ஒட்டி ஓடும் மெல்லிய வார்ப்புக் கோடு சுற்றிலும் ஒரே இடைவெளியில் தெரிய வேண்டும். ஓரிடத்தில் அது ரிம்முக்குள் முங்கியிருந்தால் காற்றை இறக்கி மறுபடி மாட்ட வேண்டியதுதான்.

ஆட்டத்தைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம். சக்கரம் தரையில் படாமல் இருக்கும்போது டயரின் பின்நுனியைப் பிடித்து இடம் வலமாக அசையுங்கள். சுவிங் ஆர்ம் நிற்க, சக்கரம் மட்டும் ஆடினால் பியரிங். சக்கரத்தோடு சேர்ந்து சுவிங் ஆர்மும் ஆடினால் புஷ். இரண்டும் பெரிய விலையில்லாத சாமான்கள்.

சிக்கனம் கொண்டுவரும் உரசலும் உண்டு. செயின் தேய்ந்து நீண்டுவிட்டால் புதிது வாங்காமல் இரண்டு கண்ணிகளை வெட்டி எடுத்துவிடுவது தோட்டத்து வழக்கம். ஒரு கண்ணி அரை அங்குலம், அதாவது 12.7 மில்லிமீட்டர். இரண்டை எடுத்தால் செயின் 25 மில்லிமீட்டர் குறையும். அது மேலும் கீழுமாக இரண்டு ஓட்டமாகப் போவதால் சக்கரம் அதில் பாதி, சுமார் 13 மில்லிமீட்டர், முன்னே வரும். சுவிங் ஆர்மின் குறுக்குச் சட்டத்துக்கும் டயருக்கும் இருந்த இடைவெளியை அதுவே தின்றுவிடலாம்.

கொழுத்த டயர் போட்டால் பாரம் தாங்கும் என்ற நம்பிக்கையும் அப்படித்தான். 70/90-17 என்றால் அகலம் 70 மில்லிமீட்டர், உயரம் அதில் 90 சதவீதம், அதாவது 63. அதை எடுத்துவிட்டு 80/90-17 போட்டால் உயரம் 72 ஆகிறது. மேலே 9 மில்லிமீட்டர், பக்கத்துக்கு 5 மில்லிமீட்டர் இடைவெளி போய்விடும். செம்பனைக் காட்டுச் சேற்றுக்கென்று கட்டை கட்டையாகப் பட்டை வைத்த டயர் போட்டால் இன்னும் கொஞ்சம் போகும், அதில் ஒட்டும் களிமண் தனிக்கணக்கு.

எதிலும் இடிக்காமலே டயர் ஒருபக்கமாகத் தேய்ந்தால் அது வேறு சங்கதி. பக்கச் சக்கரம் மோட்டாரைப் பார்த்து முன்பக்கம் சற்றே உள்வாங்கி நிற்க வேண்டும். இரண்டு பக்கமும் நீளப் பலகை வைத்து அளந்தால், முன்னாலுள்ள இடைவெளி பின்னாலுள்ளதைவிட 10 முதல் 25 மில்லிமீட்டர் குறைவாக இருப்பது பொதுவான கணக்கு. கூடிப்போனால் டயர் சாலையில் இழுபட்டு ரம்பப் பல்போலத் தேயும். பின்னால் இரண்டு சக்கரம் வைத்த வகையில், உடற்குறையுள்ளவர்கள் ஓட்டும் வண்டிகள் பலவற்றைப்போல, நீண்ட அச்சு மொத்தமாக ஒரு பக்கம் நகர்வதுதான் முதலில் பார்க்க வேண்டியது. அச்சு பியரிங்கின் பூட்டுத் திருகைச் சோதித்தால் தெரிந்துவிடும்.

டயரைத் தூக்கிப்போடும் பொருளாக நினைக்க இந்த ஊர்க்காரர்களுக்கு மனம் வராது. சிரம்பானைச் சுற்றி இன்று தாமான்கள் நிற்கும் நிலத்தில் பெரும்பகுதி ரப்பர் காடாக இருந்தது. டயர் செய்த டன்லப் நிறுவனமே மலாயாவில் தோட்டங்கள் வைத்திருந்தது. நம் பாட்டிமார் விடியலில் வெட்டிய பால்தான் கப்பலேறிப் போய்ச் சக்கரமாயிற்று. அதற்காகச் செத்த டயரையும் ஓட்டிக்கொண்டிருக்க முடியாது. உரசிய இடத்தில் ரப்பர் கரைந்து உள்ளிருக்கும் நூல் தெரிந்துவிட்டால் அந்த டயர் முடிந்தது. உரசலில் சூடேறிய டயர் சுமையோடு வெடித்தால், சாயத் தெரியாத வண்டி எந்தப் பக்கம் இழுக்கும் என்று ஓட்டுபவருக்கே தெரியாது.

பொதுச் சாலையில் ஓடும் வண்டியின் அமைப்பை மாற்றச் சாலைப் போக்குவரத்து இலாகாவின் (ஜேபிஜே) அனுமதி வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம், மூன்றாவது சக்கரம் பூட்டுவதும் அதில் அடக்கம். அடுத்த முறை பட்டறையில் கிரைண்டரை எடுத்தால், 'அண்ணே, முதல்ல சக்கரத்தை ஆட்டிப் பாருங்க' என்று சொல்லுங்கள்.