சிலேட்டு வாங்குமுன் பார்க்க வேண்டியவை

ஜூன் மாதம் எல்.கே.ஜி. சேரப்போகும் குழந்தைக்கு ஏப்ரலிலேயே வீட்டில் பாடம் தொடங்கிவிடுகிறது. ஆங்கில எழுத்துகளையும் நூறு வரை எண்களையும் ஒப்பித்துவிட்டால் பிள்ளை தயார் என்று நம்புகிறோம். எழுத்தைக் கற்றுத்தரத்தான் பள்ளி இருக்கிறது. அதைப் பார்க்கும் கண்ணையும், ஆசிரியர் பேச்சைக் கேட்கும் காதையும், மதியம்வரை துவளாத உடலையும் சரிபார்த்து அனுப்புவதே வீட்டின் வேலை. சேர்க்கையின்போது கேள்வி கேட்கிறார்களே என்பார்கள். குழந்தையையோ பெற்றோரையோ சோதித்துத் தேர்ந்தெடுக்கக் கூடாது என்கிறது 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 13ஆம் பிரிவு. அதை மீறும் பள்ளிகளுக்காக மூன்றரை வயதுப் பிள்ளையை வாட்டுவது நியாயமில்லை.

குழந்தை சொல்லாத குறை

முதலில் கண். பிள்ளை நன்றாகத்தானே பார்க்கிறான், எதற்குப் பரிசோதனை என்று கேட்பது இயல்பு. ஆனால் ஒரு கண்ணில் மட்டும் பார்வை மங்கலாக இருந்தால், மற்றக் கண்ணைக் கொண்டே குழந்தை ஓடும், விளையாடும், படம் பார்க்கும். தெளிவாகப் பார்த்தே அறியாத கண்ணைப் பற்றி அது எப்படிப் புகார் சொல்லும்? மங்கலாக வரும் காட்சியை மூளை மெல்ல ஒதுக்கத் தொடங்கும். ‘சோம்பல் கண்’ என்று மருத்துவர்கள் சொல்வது இதைத்தான். கண்ணாடி போட்டும், நல்ல கண்ணைச் சில மணி நேரம் மூடிவைத்தும் இதைச் சரிசெய்யலாம். ஏழு வயதுக்குள் தொடங்கினால் பலன் அதிகம், தள்ளிப்போகப் போகக் குறையும். எழுத்துத் தெரியாத பிள்ளையைச் சோதிக்கப் படங்கள் உள்ள அட்டை இருக்கிறது. கண்ணில் ஒளி பாய்ச்சியே பவரைக் கணக்கிடும் முறையும் உண்டு. சின்ன வயதில் கண்ணாடி போட்டால் பார்வை இன்னும் கெடும் என்ற பயத்துக்கு ஆதாரம் இல்லை. போடாமல் விடுவதில்தான் ஆபத்து.

காதும் அப்படித்தான். அடிக்கடி சளி பிடிக்கும் குழந்தைக்குச் செவிப்பறையின் பின்னால் நீர் கோத்துக்கொண்டு, வலியே இல்லாமல் கேட்கும் திறன் குறையலாம். வகுப்பில் அதற்குக் கிடைக்கும் பெயர், ‘சொன்ன பேச்சு கேட்காத பிள்ளை’.

அடக்கிவைக்கும் பழக்கம்

ஆயா பார்த்துக்கொள்வார் என்று பலரும் விட்டுவிடும் விஷயம் கழிப்பறை. புது இடம், புது முகம். கேட்க வெட்கப்பட்டுக் குழந்தை அடக்கிக்கொள்ளும், தண்ணீர் குடிப்பதையும் குறைத்துக்கொள்ளும். சிறுநீரை அடக்கினால் தொற்று வரலாம். மலத்தை அடக்கினால் அது இறுகி, போகும்போது வலித்து, அந்த வலிக்குப் பயந்தே மறுபடி அடக்கும். முற்றிய நிலையில் குழந்தை அறியாமலே உள்ளாடையில் கசிவதும் உண்டு. அதற்காக அடிப்பவர்கள் இருப்பதுதான் கொடுமை. காலை உணவுக்குப் பிறகு அவசரமில்லாமல் உட்காரவைப்பது, வாய்விட்டுக் கேட்கப் பழக்குவது, ஜிப்பும் பொத்தானும் இல்லாத எலாஸ்டிக் டிரவுசர் வாங்குவது இவையெல்லாம் எழுத்துப் பயிற்சியைவிட முதல் மாதத்தில் உதவும்.

உறக்கக் கணக்கு

மூன்று, நான்கு வயதில் பகல் தூக்கத்தையும் சேர்த்து 10 முதல் 13 மணி நேர உறக்கம் தேவை என்கிறது உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதல். காலை ஆறரைக்கு எழ வேண்டிய பிள்ளை இரவு எட்டரைக்காவது தூங்கியாக வேண்டும். அப்பா வேலை முடிந்து வரவே ஒன்பதாகிறது என்பது உண்மையான சிக்கல்தான். அப்படிப்பட்ட வீடுகளில் கொஞ்சும் நேரத்தைக் காலைக்கு மாற்றிக்கொள்வதைத் தவிர வழி தெரியவில்லை. பள்ளி திறக்க இரண்டு வாரம் முன்பிருந்தே நேரத்தைச் சிறிது சிறிதாக முன்னுக்கு நகர்த்துங்கள்.

யார் பார்ப்பார்கள்?

2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத்திட்டத்தின்கீழ் மருத்துவக் குழுக்கள் அங்கன்வாடிகளுக்கு ஆண்டுக்கு இருமுறையும், அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளுக்கு ஒருமுறையும் வந்து குழந்தைகளைப் பரிசோதிக்கின்றன. தனியார் மழலையர் பள்ளியில் சேரும் குழந்தை இந்த ஏற்பாட்டுக்கு வெளியே நிற்கிறது. அதைக் கண், காது பரிசோதனைக்கு மே மாதத்துக்குள் பெற்றோர்தான் அழைத்துப்போக வேண்டும்.