குதிரை வந்தது, நதி போனது!

சீர்வரிசை கொண்டு வந்த விருந்தாளி, காபி குடித்தபடியே வீட்டில் எத்தனை அறை, கொல்லைக் கதவுக்குத் தாழ்ப்பாள் உண்டா என்று நோட்டம் பார்த்துக்கொண்டு போனால் நீங்கள் என்ன நினைப்பீர்கள்? சிந்து நதியில் ஒரு சமயம் அப்படித்தான் நடந்தது.

1831-ம் வருஷம். பஞ்சாபை ஆண்ட மகாராஜா ரஞ்சித் சிங்குக்குக் குதிரை என்றால் உயிர். இங்கிலாந்து மன்னர் நான்காம் வில்லியம் அவருக்கு ஐந்து குதிரைகளைப் பரிசாக அனுப்பினார். நாலு பெட்டை, ஓர் ஆண். நம் ஜட்காக் குதிரை மாதிரி அல்ல. பாரவண்டி இழுக்கும், யானைக்குத் தம்பி போன்ற ஜாதி! கூடவே ஒரு கோச்சு வண்டியும் சேர்ந்தது. இத்தனை கனத்தைத் தரை மார்க்கமாகக் கொண்டுபோவது கஷ்டம் என்று சாக்குச் சொல்லி, படகில் ஏற்றினார்கள்.

உண்மைக் காரணம் வேறு. ரஷ்யா வடமேற்கு வழியாக வந்துவிடுமோ என்ற பயம் வெள்ளைக்காரருக்கு. எல்லைப்புறத்து நதியான சிந்துவில் நீராவிக் கப்பல் விட முடியுமா என்று தெரிய வேண்டும். கீழ்ச்சிந்துவோ அமீர்களுடைய ராஜ்யம். பகிரங்கமாக அளக்க விடுவார்களா? ஆகவே, அலெக்ஸாண்டர் பர்ன்ஸ் என்ற இளம் ராணுவ அதிகாரி குதிரைகளுக்குத் துணையாகப் புறப்பட்டார். வழி நெடுக ஆழம் எவ்வளவு, மணல்மேடு எங்கே என்று குறித்துக்கொண்டே ஜூலை மாதம் லாகூர் போய்ச் சேர்ந்தார்.

இது நம் கௌரவத்துக்கு அடுக்காத தந்திரம் என்று சார்லஸ் மெட்காஃப் என்ற ஆங்கிலப் பெரிய அதிகாரியே கண்டித்தார். நதியை இவர்கள் பார்த்துவிட்டார்கள், இனி சிந்து தேசம் போனதுதான் என்று கரையில் நின்ற ஒருவர் வருந்தினாராம்.

அவர் வாக்கு பலித்தது. 1832-ல் அமீர்களோடு உடன்படிக்கை: வியாபாரத்துக்கு மட்டுமே நதி, யுத்த தளவாடம் கூடாது. 1835-ல் 'இண்டஸ்' என்ற நீராவிக் கப்பல் வந்தது. சில வருஷங்களில் ஆப்கன் யுத்தத்துக்காகப் பட்டாளமே சிந்து வழியே போயிற்று. அந்த யுத்தத்தின் நடுவே, 1841-ல், பர்ன்ஸ் காபூலில் கொலையுண்டார். 1843-ல் மியானி யுத்தம். சிந்து தேசம் கம்பெனி கைக்குப் போயிற்று.

கப்பலாவது நன்றாக ஓடியதா? வேலூர், ஆம்பூர்ச் சகோதரிகளே, பாலாற்றைப் பார்த்துப் பழகிய உங்களுக்கு மணலின் குணத்தைச் சொல்ல வேண்டியதில்லை. சிந்துவில் தண்ணீருக்குக் குறைவில்லை. ஆனால் வெள்ளத்துக்கு வெள்ளம் வண்டல் இடம் மாறும். போன வருஷத்து வழி இந்த வருஷம் இராது. கப்பல்கள் அடிக்கடி தரை தட்டின.

உங்கள் பக்கத்து வாலாஜா ரோடுக்கு 1856-லேயே சென்னையிலிருந்து ரயில் வந்துவிட்டது அல்லவா? அங்கே 1861-ல் கராச்சியிலிருந்து கோட்ரி வரை ரயில் ஓடியது. அதற்கு மேல் கப்பல்தான். 1878-ல் நதி ஓரமாகவே முல்தான் பக்கம் வரை தண்டவாளம் போட்டார்கள். 1889-ல் சுக்கூரில் பாலமும் எழும்பியது. கப்பலின் மவுசு போயிற்று.

கப்பல் ஓடியது சுமார் ஐம்பது வருஷம். அதைச் சாக்கிட்டு வந்த கொடியோ, 1947 வரை நூற்று நாலு வருஷம் பறந்தது!