கேட்டால் கொடுக்கும் கரை

திருவனந்தபுரத்துக் கத்தோலிக்க மீனவர்களுக்கு விசுவாசம் என்பது ஞாயிற்றுக்கிழமை விவகாரம் மட்டுமல்ல. கடல் தரும் நாளிலும் தராத நாளிலும் எதைக் கொடுப்பது, யாரோடு பங்கிடுவது என்ற அன்றாடக் கணக்கு அது. அந்தக் கணக்கில் இப்போது ஒரு பாக்கி விழுந்திருக்கிறது.

இந்தக் கடற்கரையைப் புரிந்துகொள்ள இரண்டு காலண்டர்கள் வேண்டும். ஒன்று ஆலயத்தினுடையது, இன்னொன்று கடலினுடையது. இரண்டும் எப்போதும் ஒத்துப்போவதில்லை. மீனவராக இருந்து திருத்தூதரான பேதுருவின் திருநாள் ஜூன் 29. அப்போது தென்மேற்குப் பருவமழை உக்கிரமாக இருக்கும். துறைமுக வசதியுள்ள விழிஞ்ஞத்தில் தொழில் நடக்கும். மற்ற ஊர்களில் பல நாட்கள் வள்ளங்கள் கரையில் கிடக்கும். தங்கள் தொழிலின் புனிதரைப் பல குடும்பங்கள் கடன் வாங்கித்தான் கொண்டாட வேண்டும்.

1544-ல் திருவிதாங்கூர்க் கரையில் ஒரே மாதத்தில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு ஞானஸ்நானம் கொடுத்ததாகப் புனித சவேரியார் தன் கடிதத்தில் எழுதினார். அன்று தொடங்கிய உறவு பிரார்த்தனையோடு நிற்கவில்லை. பிடிபட்ட மீனில் ஒரு பங்கு ஆலயத்துக்கு என்பது இந்தக் கரையின் பழைய வழக்கம்.

ஆனால், ஆலயத்தையே கொடுக்க வேண்டிய நாளும் வந்தது. காந்தப்புவி நடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால், ராக்கெட் ஏவுதளத்துக்குத் தும்பாவை 1960களின் தொடக்கத்தில் விஞ்ஞானிகள் தேர்ந்தெடுத்தார்கள். அங்கே புனித மகதலேன் மரியாள் ஆலயமும், சுற்றிலும் மீனவர் வீடுகளும் இருந்தன. விக்ரம் சாராபாய் ஆயர் பீட்டர் பெர்னார்டு பெரைராவைச் சந்தித்தார். ஆயர் தானே முடிவு சொல்லவில்லை. ஞாயிறு வழிபாட்டுக்கு சாராபாயை வரச் சொல்லி, சபையினரிடமே கேட்டார். அவர்கள் சம்மதித்தார்கள் என்று அப்துல் கலாம் எழுதியிருக்கிறார். குடும்பங்கள் வேறு இடத்துக்குப் போயின. ஆலயம் விஞ்ஞானிகளின் பணிக்கூடமானது. 1963 நவம்பர் 21-ல் தும்பாவிலிருந்து முதல் ராக்கெட் பறந்தது. அந்த ஆலயக் கட்டடம் இன்று விண்வெளி அருங்காட்சியகம்.

அதே ஆயரின் முயற்சியில் உருவான குடியிருப்புதான் மரியநாடு. மீனவர் பிடித்து வரும் மீனின் விலையைக் கடன் கொடுத்த வியாபாரி நிர்ணயித்த காலம் அது. அங்கே 1970-ல் மீனவர்கள் கூட்டுறவுச் சங்கம் தொடங்கினார்கள். மீனைச் சங்கமே விற்றது. விற்ற தொகையில் ஒரு பகுதி கடனுக்கும், ஒரு பகுதி சேமிப்புக்கும் போனது. வறுமைக்காலம் வரும் என்று தெரிந்தவர்கள், மீன் கிடைக்கும் நாளிலேயே அதற்கு எடுத்து வைப்பதும் ஒரு விசுவாச வாழ்க்கைதான். இந்த அனுபவத்திலிருந்து வளர்ந்ததே தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு.

கடலுக்கும் ஓய்வு வேண்டும் என்ற குரலும் இந்தக் கரைகளிலிருந்து எழுந்தது. பூந்துறையில் மீனவர்களோடு வாழ்ந்த தாமஸ் கோச்சேரி போன்ற பாதிரியார்களும் கன்னியாஸ்திரீகளும், மழைக்கால டிராலிங்கை எதிர்த்து 1980களில் போராட்டத்தில் இறங்கினார்கள். துறவிகள் தெருவுக்கு வரலாமா என்று திருச்சபைக்குள்ளேயே வாக்குவாதம் நடந்தது. 1988-ல் கேரள அரசு தடையை அமல்படுத்தத் தொடங்கியது. இன்று ஜூன் 9 நள்ளிரவு முதல் ஜூலை 31 வரை 52 நாட்கள் டிராலர்கள் கடலுக்குப் போவதில்லை.

2017 நவம்பர் 30. இன்னொரு மீனவத் திருத்தூதரான அந்திரேயாவின் திருநாள். அன்றுதான் ஒக்கிப் புயல் தாக்கியது. திருவனந்தபுரத்திலிருந்தும் கன்னியாகுமரி மாவட்டத்திலிருந்தும் கடலுக்குப் போயிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் திரும்பவில்லை. எச்சரிக்கை உரிய நேரத்தில் வந்து சேரவில்லை என்பது மீனவர்களின் குற்றச்சாட்டு. மூன்று நாள் கழித்து, டிசம்பர் 3-ல் திருவருகைக்காலம் பிறந்தது. கிறிஸ்துவின் வருகைக்காகக் காத்திருக்கும் அந்த வாரங்களில், பூந்துறையிலும் விழிஞ்ஞத்திலும் பெண்கள் கடலைப் பார்த்துக் காத்திருந்தார்கள்.

அதன்பின் ஒன்பது மாதம்கூட ஆகவில்லை. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் மத்திய கேரளம் மூழ்கியது. இதே மீனவர்கள் வள்ளங்களை லாரிகளில் ஏற்றிக்கொண்டு செங்கன்னூருக்கும் திருவல்லாவுக்கும் விரைந்தார்கள். கிறிஸ்தவர், முஸ்லிம், இந்து என்று எல்லாக் கரைகளிலிருந்தும் மீனவர்கள் வந்தார்கள். அவர்கள் காப்பாற்றியவர்களின் எண்ணிக்கை பல்லாயிரம். ஒக்கியில் தங்களைத் தேட யாரும் வரவில்லை என்று கசந்திருந்தவர்கள், யாரும் வராத வீடுகளுக்குப் போய்க் கதவைத் தட்டினார்கள்.

பாக்கி விழுந்தது இதற்குப் பிறகுதான். வலியதுறையில் கடல் வீடுகளை வரிசை வரிசையாக விழுங்கியது. பல குடும்பங்கள் ஆண்டுக்கணக்கில் கிட்டங்கியில், தடுப்புத் துணிகளுக்கு நடுவே வாழ்ந்தன. கடலரிப்புக்கு விழிஞ்ஞம் துறைமுகக் கட்டுமானமும் காரணம் என்று மீனவர்கள் சொல்ல, அரசும் துறைமுக நிறுவனமும் மறுத்தன. 2022-ல் லத்தீன் பேராயத்தின் தலைமையில் நூறு நாட்களுக்கு மேல் நடந்த போராட்டம் டிசம்பர் 6-ல் முடிந்தது. கட்டுமானத்தை நிறுத்த வேண்டும் என்ற முக்கியக் கோரிக்கை நிறைவேறவில்லை. 2025 மே 2-ல் பிரதமர் துறைமுகத்தை நாட்டுக்கு அர்ப்பணித்தார்.

நாட்டுக்குத் துறைமுகம் வேண்டாம் என்று யாரும் சொல்ல முடியாது. ராக்கெட்டும்தான் வேண்டியிருந்தது. ஆனால் தும்பாவில், எடுத்துக்கொள்ளும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மக்களிடம் கேட்டார்கள். கேட்டதால் அவர்கள் தங்கள் ஆலயத்தையே கொடுத்தார்கள். இந்தக் கரைக்குக் கொடுக்கத் தெரியும். அதனிடம் கேட்கத்தான் இப்போது ஆளில்லை.